டியூஷன் சாரை ஹோம்வொர்க் குமாஸ்தா ஆக்காதீங்க

எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் மாசத்துக்கு ஒரு தடவையாவது வரும் செய்தி ஒண்ணு இருக்கு. "ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தர டீச்சர் தேவை. ஆல் சப்ஜெக்ட்ஸ். தினமும் ரெண்டு மணி நேரம். ஸ்கூல்ல நடத்துறதுக்கு முன்னாடியே போர்ஷன் முடிச்சுத் தரணும்." உடனே கீழே நாலு பேர் வருவாங்க. முதல் ஆள் ஒரு போன் நம்பர் கொடுப்பார். ரெண்டாவது ஆள் "எங்களுக்கும்" என்பார். மூணாவது ஆள்தான் நம்ம ஹீரோ. "ஒரே ஆள் எல்லா சப்ஜெக்டும் எடுத்தா குவாலிட்டி இருக்காது சார். மேத்ஸ் தனி, சயின்ஸ் தனின்னு போட்டுடுங்க." நாலாவது ஆள் அதுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

செய்தி போட்டவரும் தப்பு, அறிவுரை சொன்னவரும் தப்பு. இதுதான் என் கட்சி.

ஒரு பிள்ளை, ஒரு சார், எல்லாப் பாடமும் என்கிற ஏற்பாடு இருக்கே, பத்தாம் வகுப்பு வரைக்கும் அதைவிட உருப்படியான ஏற்பாடு எனக்குத் தெரிஞ்சு கிடையாது. ஆனா அந்த ஏற்பாட்டைக் காசு கொடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு, போர்ஷன் முடிக்கவும் ஹோம்வொர்க் எழுத வைக்கவும் மட்டும் பயன்படுத்துறோம் பாருங்க, அது வைத்தியரை வீட்டுக்குக் கூப்பிட்டு மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டச் சொல்ற கதை.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதின்னு கேட்பீங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எம்.எஸ்சி. படிக்கும்போதும், அப்புறம் வேலை கிடைக்கிற வரைக்கும், 2000-லிருந்து 2004 வரை திருச்சியில் சைக்கிள்ல போய் வீட்டு டியூஷன் எடுத்தவன் நான். உறையூர்ல ஒரு வீடு, தில்லை நகர்ல ஒரு வீடு, நடுவுல சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ. எல்லாமே எட்டிலிருந்து பத்து வரை படிக்கிற பிள்ளைங்க. மாசம் 400 ரூபாய்ல ஆரம்பிச்சு 700 வரைக்கும் வாங்கியிருக்கேன். இப்போ ஆணி புடுங்குறது வேற இடத்துல. இருந்தாலும் அக்கா பசங்க, பக்கத்து வீட்டுப் பசங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாராவது ஒருத்தர் நோட்டோட வந்து நிக்கத்தான் செய்யறாங்க. அதனால கேள்விப்பட்டதை வெச்சு ஜல்லி அடிக்கிறதா நினைக்க வேண்டாம்.

முதல்ல அந்த ரெண்டு மணி நேரத்தை எடுத்துக்குங்க. 120 நிமிஷம், அஞ்சு சப்ஜெக்ட். பெத்தவங்க உடனே ஒரு வகுத்தல் கணக்கு போட்டுடுவாங்க. சப்ஜெக்டுக்கு 24 நிமிஷம்! சில வீடுகள்ல இதை ஒரு அட்டையில எழுதி அலமாரிக் கதவுல ஒட்டியே வெச்சிருப்பாங்க. ஆறு மணிக்கு மேத்ஸ், ஆறு இருபத்தி நாலுக்கு சயின்ஸ். நான் இதை நக்கலுக்குச் சொல்லலை, நேர்லயே பார்த்திருக்கேன்.

பள்ளிக்கூடத்துல மணி அடிச்சு மணி அடிச்சுப் பாடம் நடத்துறது ஒரு தலையெழுத்து. 45 பிள்ளைங்க, 40 நிமிஷ பீரியட். பிரிச்சுப் பார்த்தா ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட வராது. எந்தப் பிள்ளைக்கு எங்க இடிக்குதுன்னு அந்த டீச்சர் உட்கார்ந்து தேட முடியாது. அவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை. இங்க எதுக்கு மணி? எந்தக் குறைக்காக டியூஷன் வெச்சோமோ, அதே குறையைக் காசு கொடுத்து ஹாலுக்குள்ள இன்னொரு தடவை கட்டி எழுப்புறோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க இடிக்குதுன்னு தேடுறதுன்னா என்ன?

உறையூர்ல ஒரு பையன். ஒன்பதாவது. மிக்ஸியைப் பிரிச்சு மாட்டுவான், ரெண்டு பல்பை பேரலல்ல இணைச்சு எரிய விட்டுக் காட்டுவான். கை அப்படி ஒரு கை. பரீட்சைன்னு வந்தா கணக்கு 20, சயின்ஸ் 30. 2 ஓம், 3 ஓம் ரெண்டு மின்தடையும் பக்க இணைப்புல இருந்தா மொத்தம் எவ்வளவுன்னு ஒரு கணக்கு கொடுத்தேன். சூத்திரம் தலைகீழா ஒப்பிச்சான். ஒன்றின் கீழ் ஆர் சமம் ஒன்றின் கீழ் ஆர் ஒன்று கூட்டல் ஒன்றின் கீழ் ஆர் ரெண்டு. கரெக்ட். அடுத்த வரியில 1/2 + 1/3 = 2/5-ன்னு எழுதினான். தலைகீழாக்கி 2.5 ஓம்னு விடை சொல்லிட்டான்.

சரியான விடை 1.2 ஓம். 1/2-ம் 1/3-ம் சேர்ந்தா 5/6, அதைத் திருப்பினா 6/5. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. பக்க இணைப்புல மொத்தத் தடை, இருக்கிறதுலேயே சின்னத் தடையைவிடக் குறைவாத்தான் வரும். 2.5 வந்த உடனே "எங்கயோ உதைக்குதே"ன்னு தோணணும். அவன் கைக்கு அது தெரியும், பேப்பருக்குத் தெரியலை.

இப்போ இதே வியாதி வேற எங்கெல்லாம் வரும்னு பாருங்க. பத்தாம் வகுப்பு ஒளியியல்ல லென்ஸ் சூத்திரம், அதுவும் ஒன்றின் கீழ் சமாச்சாரம்தான். அல்ஜீப்ராவுல விகிதமுறு கோவைகளைக் கூட்டச் சொன்னா, 1/(x−1)-ஐயும் 1/(x+1)-ஐயும் கூட்டி 2/2x-ன்னு எழுதுவான். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. அதே கைதான். கெமிஸ்ட்ரியில 9 கிராம் தண்ணி எத்தனை மோல்னு கேட்டா, 9-ஐ 18-ஆல வகுக்கிறதா, 18-ஐ 9-ஆல வகுக்கிறதான்னு தெரியாம பெரிசைச் சின்னதால வகுத்து 2-ன்னு எழுதுவான் (அரை மோல் ஐயா, அரை மோல்!). ஜியாகரபியில மேப் ஸ்கேலும் அதே கதி.

நாலு பாடத்துல நாலு தப்பு மாதிரி தெரியும். உண்மையில ஒரே தப்பு. அஞ்சாவதுலயோ ஆறாவதுலயோ பின்னம் நடத்தின வாரம் அவன் அம்மை போட்டுப் படுத்திருக்கலாம், டீச்சர் மாறியிருக்கலாம், இல்லை சும்மாவே புரியாமப் போயிருக்கலாம். அங்க விழுந்த ஓட்டை.

இப்போ மூணாவது ஆளோட அறிவுரைக்கு வாங்க. மேத்ஸ் தனி, சயின்ஸ் தனி. மேத்ஸ் ஸ்பெஷலிஸ்ட் விகிதமுறு கோவைக்கு ஒரு ஷார்ட்கட் சொல்லித் தருவார். ஃபிசிக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் "ரெண்டு தடைன்னா பெருக்கல் வகுத்தல் கூட்டல், போட்டுட்டுப் போ"ன்னு இன்னொரு சூத்திரம் கொடுப்பார். கெமிஸ்ட்ரிக்காரர் ஒரு முக்கோணம் வரைஞ்சு "வேணும்கிறதை விரலால மூடு"ன்னு சொல்லுவார். மூணு பேரும் அவங்கவங்க துறையில புலிதான். ஆனா அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவுன்னு அவனுக்குத் தெரியலை என்கிற விஷயம் மூணு பேர் கண்ணுலயும் படவே படாது. படறதுக்கு வழியும் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டைத்தான் பார்க்கிறாங்க.

சர்க்கரை வியாதிக்காரர் ஒருத்தர் கண் மங்குதுன்னு கண் டாக்டர்கிட்டயும், கால் மரத்துப் போகுதுன்னு நரம்பு டாக்டர்கிட்டயும், புண் ஆறலைன்னு தோல் டாக்டர்கிட்டயும் தனித்தனியாப் போய்க்கிட்டிருந்தா நம்ம தெருமுனை குடும்ப டாக்டர் என்ன சொல்லுவார்? "முதல்ல சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வா." அந்த ஆள்தான் ஆல் சப்ஜெக்ட் டியூஷன் சார். அவருக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும்னு இளக்காரமாப் பேசுறோம். பிள்ளையோட எல்லா நோட்டையும் ஒரே மேஜையில விரிச்சுப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான் என்பதை மறந்துடறோம். பெத்தவங்ககூட மார்க்கைத்தான் பார்க்கிறாங்க, நோட்டைப் பார்க்கிறதில்லை.

பின்னம் மட்டும்தான் ஓட்டைன்னு நினைக்காதீங்க. அதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. வாசிப்பு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்ககிட்ட இது இன்னும் மோசம். ஒரு பையன், வங்கப் பிரிவினை பாடம். "தி பார்ட்டிஷன் வாஸ் அனல்ட் இன் 1911"னு மூச்சு விடாம ஒப்பிச்சான். "அப்போ 1911-ல் என்னடா ஆச்சு?"ன்னு தமிழ்ல கேட்டேன். "பிரிச்சாங்க சார்." பிரிச்சது 1905, 1911-ல் அதை ரத்து பண்ணினாங்க. அந்த ஒரு வினைச்சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலே பரீட்சையில அவனுக்கு அந்தக் கேள்விக்கு முழு மார்க் வந்துச்சு. அதே பையன் அதே வாரம் கணக்குல "ஒன் நம்பர் எக்ஸீட்ஸ் அனதர் பை 5" என்று வந்ததுக்கு x > 5 அப்படின்னு எழுதி வெச்சான். அவங்க அம்மா "கணக்கு வீக் சார்" என்றார்கள். கணக்கு வீக் இல்லைங்க. அந்த வாக்கியம் சொல்ற விஷயமே அவனுக்குப் போய்ச் சேரலை. ஹிஸ்டரியில தெரியாம ஒளிஞ்சிருந்த அதே குறை, கணக்குல மாட்டிக்கிச்சு. ரெண்டையும் ஒரே ஆள் பார்த்ததால ஒரே வாரத்துல பிடிபட்டது.

"இதெல்லாம் உன் சொந்தச் சரக்கு, ஆதாரம் இருக்கா?"ன்னு கேட்கிற நண்பர்களுக்காக: 1984-ல் சிகாகோ பல்கலைக்கழகத்து பெஞ்சமின் ப்ளூம் ஒரு கட்டுரை எழுதினார். கல்வித்துறையில இருக்கிறவங்க '2 சிக்மா பிரச்சனை'ன்னு சொன்னா உடனே தெரிஞ்சுக்குவாங்க. அவரோட ஆராய்ச்சி மாணவர்கள் ரெண்டு பேர் பிள்ளைங்களை மூணு விதமாப் பிரிச்சுப் பாடம் நடத்திப் பார்த்தாங்க. சாதா வகுப்புல நடத்தினது ஒரு கூட்டம். தனியாளா, அல்லது ரெண்டு மூணு பேரா உட்கார வெச்சு நடத்தினது ஒரு கூட்டம். தனியாச் சொல்லிக் கொடுத்த கூட்டத்துல நடுத்தரமான பிள்ளை, சாதா வகுப்புல 98 சதவீதம் பேரைத் தாண்டிடுச்சு. டியூஷன் விளம்பரக்காரங்களுக்கு இந்த வரி அல்வா மாதிரி.

ஆனா அவங்க சொல்லாம விடற மூணாவது கூட்டம் ஒண்ணு இருக்கு. முப்பது பேர் வகுப்புதான். ஆனா ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் சின்னதா டெஸ்ட் வெச்சு, எங்க தப்புன்னு பார்த்து, அதைத் திருத்தி, மறுபடி டெஸ்ட் வெச்சு, தேறின பிறகுதான் அடுத்த பாடம். இந்தக் கூட்டத்துப் பிள்ளை 84 சதவீதம் பேரைத் தாண்டுச்சு! முப்பது பேர் வகுப்புலேயே! தனியாச் சொல்லிக் கொடுத்தவங்களும் இதே டெஸ்ட், திருத்தம் முறையைத்தான் செஞ்சாங்க. அதாவது சார் பக்கத்துல உட்கார்றதுல மட்டும் மந்திரம் இல்லை. தேறாம அடுத்ததுக்குப் போகாததுல பாதி மந்திரம் இருக்கு. பிற்பாடு 2011-ல் வான்லேன் என்கிற ஆராய்ச்சியாளர் பல ஆய்வுகளைச் சேர்த்து வெச்சுப் பார்த்ததுல, தனிப் பயிற்சியோட பலன் ப்ளூம் சொன்ன 2-க்குப் பதில் 0.79 அளவுலதான் நின்னுது. நூறு பேர்ல சுமார் 78 பேரைத் தாண்டுற அளவு. அதுவும் பெரிய விஷயம்தான், ஆனா அற்புதம் இல்லை.

இப்போ நம்ம வீட்டு ஹாலுக்கு வாங்க. "ஸ்கூலுக்கு முன்னாடியே போர்ஷன் முடிச்சுடணும்" என்பதுதான் நாம போடுற முதல் கண்டிஷன். தேறினாலும் தேறாட்டியும் அடுத்ததுக்குப் போ என்பதற்கு இதைவிடத் தெளிவா ஒரு உத்தரவு போட முடியுமா? பலன் எதனால வருதோ அதை மட்டும் கவனமாப் பிடுங்கிப் போட்டுட்டு, மிச்சத்துக்குக் காசு கொடுக்கிறோம்.

இன்னொரு கொடுமை, மௌனம். ஒரு பிள்ளை கணக்கைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. சார் வாயைத் திறக்காம காத்திருக்கார். மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம். பென்சில் ஒரு வரி எழுதும், அடிக்கும், மறுபடி எழுதும். தனி டியூஷன்ல விலை மதிப்பு உள்ள நேரம்னா அதுதான். வகுப்புல எந்த டீச்சராலயும் ஒரு பிள்ளைக்காக அஞ்சு நிமிஷம் சும்மா நிக்க முடியாது. ஆனா சமையல்கட்டுல இருந்து என்ன கேட்கும்? "சார், என்ன சத்தமே காணோம்?" உடனே சார் பதறிப்போய் உரக்கப் பாடம் நடத்த ஆரம்பிப்பார். பிள்ளை யோசிச்சுக்கிட்டிருந்தது அங்கேயே போச்சு. சத்தம் வந்தாத்தான் காசுக்கு வேலை நடக்குதுன்னு அர்த்தம் போல. பாட்டு டியூஷன்னா சரி, கணக்குக்கு எதுக்கு?

உறையூர்ப் பையன் கதையை முடிச்சுடறேன். அவன் அப்பாகிட்ட சொன்னேன்: "ரெண்டு மாசம் ஸ்கூல் கணக்கைத் தொடலை. ஆறாவது புக்ல இருந்து பின்னத்தைப் பிடிக்கிறேன். காலாண்டுல மார்க் ஏறாது. அரையாண்டுல பாருங்க." அவர் சிரிச்சுக்கிட்டே "ஒன்பதாவது படிக்கிறவனுக்கு ஆறாவது சொல்லித்தரவா சார் காசு?" என்றார். சம்மதம்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. நான் பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டேன். முறுக்கை உடைச்சு, நூலை மடிச்சு, அவனோட ஒயரையே வெட்டி அளந்து ரெண்டு வாரம் ஓடுச்சு. ஒரு சாயங்காலம் அவனே "சார், கீழ இருக்கிற நம்பர் துண்டோட சைஸா? அப்போ சைஸ் வேற வேறயா இருந்தா எப்படிக் கூட்டறது?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் பதினஞ்சு நாள் சைக்கிள் மிதிச்சேன். அந்த வெள்ளிக்கிழமை அவன் அப்பா மேஜையில ஆறாவது புக்கைப் பார்த்தார். மறுநாள் கவர்ல பாதி மாசக் காசு. "ஸ்கூல்ல மிட் டெர்ம் வருது சார், சென்டர்ல சேர்த்துட்டோம்."

சென்டர்ல அவன் ஒன்பதாவது போர்ஷனை முடிச்சான், பத்தாவதையும் முடிச்சான். பத்தாவது கணக்குல 38. பாஸ்தான். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் கேட்டான், அந்த மார்க்குக்குக் கிடைக்கலை. மிக்ஸியைப் பிரிச்சு மாட்டுன கைக்கும் அந்த சீட்டுக்கும் நடுவுல நின்னது ஒரு ஆறாம் வகுப்புப் பாடம். எனக்கு இருபது வருஷமா அடங்காத கோபம் இது. அந்த 350 ரூபாய்க்காக இல்லை.

தில்லை நகர்ல ஒரு பொண்ணு, அங்க பாட்டி ராஜ்யம். பாட்டி எட்டாவதோட நின்னவங்க. "தம்பி, கல்யாணச் சமையல்னாலும் அரிசி களையறதுல இருந்துதானே ஆரம்பிக்கணும், நீங்க எங்க இருந்து வேணா ஆரம்பிங்க"ன்னு சொல்லிட்டு டிவியை நிறுத்திட்டுப் போயிடுவாங்க. நாலு மாசம் விட்டாங்க. அந்தப் பொண்ணு சென்டமெல்லாம் வாங்கலை. 70 சொச்சம் வாங்குச்சு. ஆனா கடைசி ரெண்டு மாசம் என்னைக் கேள்வி கேட்டுக் கொன்னுச்சு. :-)

பெத்தவங்களை மட்டும் திட்டறேன்னு சண்டைக்கு வராதீங்க. அவங்க பயம் எனக்குப் புரியாம இல்லை. வாரா வாரம் ஸ்லிப் டெஸ்ட் மார்க் போனுக்கு வருது. ஒன்பதாவதுலேயே பத்தாவது பாடத்தை ஆரம்பிக்கிற பள்ளிக்கூடங்களை நம்ம ஊர்ல தேடிப் போக வேண்டியதில்லை. பதினொண்ணாவது பாடத்தை அப்படியே முழுங்கிட்டு ரெண்டு வருஷமும் பன்னிரண்டாவதையே ஓட்டினாங்கன்னுதான் 2017-18-ல் பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. 2025-26-லிருந்து அதையும் எடுத்தாச்சு. பள்ளிக்கூடமே தாவித் தாவி ஓடும்போது வீட்டுல மட்டும் நின்னு நிதானமா நடங்கன்னு சொல்றது கஷ்டம்தான். ஆனா ஓட்டையைப் போடறது பள்ளிக்கூடம்னா, அதை அடைக்க வீட்டை விட்டா வேற இடம் இருக்கா? வீட்டுக்கு வர்ற ஆளையும் அதே ஓட்டத்துல கட்டி விட்டா அடைக்கிறது யாரு?

"டியூஷனையே ஒழிக்கணும்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். தென்கொரியாவுல 1980-ல் ராணுவ ஆட்சி அதைத்தான் செஞ்சுது, தனியார் டியூஷனுக்கே தடை. 2000-ல் அவங்க அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இன்னிக்கு டியூஷன் பைத்தியம்னா உலகமே உதாரணத்துக்குக் கொரியாவைத்தான் காட்டுது. நம்ம ஊர்லயும் 2025-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்புப்படி பள்ளிப் பிள்ளைங்கள்ல 27 சதவீதம் பேர் தனிப் பயிற்சிக்குப் போறாங்க. ஒழியப்போறது இல்லை. இருக்கிறதை ஒழுங்காப் பயன்படுத்துறதைப் பத்திப் பேசுவோம்.

"காசு இருக்கிறவனுக்குத்தானே தனி சார்?" இந்தக் கேள்வி நியாயமானது, இதுக்கு நான் மழுப்பல் பதில் சொல்ல மாட்டேன். ஆமா, காசு இருக்கிறவனுக்குத்தான். கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததுக்கு அப்புறம் 2021-ல் தமிழ்நாட்டுல இல்லம் தேடிக் கல்வின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மாசம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பொண்ணுங்க, சாயங்காலம் இருபது பிள்ளைங்க வரைக்கும் உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தாங்க. குறைகள் இருக்கலாம். ஆனா அதுல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சுது. விட்டுப்போனதைப் பிடிக்கிறதுதான் வேலைன்னு சொல்லியே ஆரம்பிச்சாங்க, போர்ஷன் முடிக்கிறதுன்னு சொல்லலை. எட்டாவதோட நிறுத்திட்டாங்க என்பதுதான் வருத்தம். ஒன்பதாவது, பத்தாவதுலதான் ஓட்டை எல்லாம் சேர்ந்து ஒழுக ஆரம்பிக்குது. சாயங்காலத் திண்ணை வகுப்புக்கு இருந்த புத்தி, பல்லாயிரம் ரூபாய் கொடுத்து தனி சார் வைக்கிற வீட்டுல இல்லையேன்னுதான் சொல்றேன்.

அப்புறம் சாட்ஜிபிடி கோஷ்டி. "கணக்கைப் போட்டோ எடுத்துப் போட்டா ஸ்டெப் ஸ்டெப்பா வந்துடுது, இன்னும் எதுக்கு சைக்கிள் சார்?" வரும் சார், 6/5 நொடியில வரும். தனக்குப் பின்னம் தெரியலைங்கிறதே தெரியாத பிள்ளை, பின்னத்தைப் பத்திக் கேட்காது. அது கேட்கிறது பக்க இணைப்புக் கணக்கை. வர்ற விடையை அழகாப் பார்த்து எழுதிட்டு மூடி வெச்சுடும். பக்கத்துல உட்கார்ந்து அதோட பேனா எங்க தயங்குதுன்னு பார்க்கிற கண்ணு வேணும்.

தமிழ்ப் பாடத்தைப் பத்தி ஒரு வார்த்தை. ஆல் சப்ஜெக்ட்ஸ்னு சொல்லிட்டு, கடைசியில "தமிழ் வேணாம் சார், அதை அவனே கோனார் நோட்ஸ் பார்த்துப் படிச்சுப்பான்"னு முடிக்கிற வீடுகள் எத்தனை! 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வர்றதுக்கு முன்னாடி மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுத்தவங்க, சட்டம் வந்தப்புறம் மார்க்குக்காக நோட்ஸ் மனப்பாடம் பண்றாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பிள்ளை பயமில்லாம யோசிச்சு, ஒரு பத்தியைப் படிச்சு, "இவர் என்ன சொல்ல வர்றார்"னு தன் வாயால சொல்லிப் பழகறதுக்கு அதோட தாய்மொழியைவிட நல்ல இடம் ஏது? அங்க பழகினா ஹிஸ்டரி பத்தியும் புரியும், கணக்கு வாக்கியமும் புரியும். இதுல உள்குத்து எதுவும் இல்லை, சொந்த அனுபவம். வாசிப்பு வராத பிள்ளைங்ககிட்ட நான் முதல்ல எடுக்கிறது தமிழ்ப் புத்தகம்தான்.

என் வாதத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிடணும். பத்தாவது வரைக்கும்தான் இது. பதினொண்ணுல இருந்து பாடம் ஆழமாயிடுது. இன்டெக்ரேஷனும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் ஒரே ஆள் கரைச்சுக் குடிச்சிருப்பார்னு எதிர்பார்க்கக் கூடாது. அங்க மூணாவது ஆள் சொல்றது சரி, தனித்தனியாத்தான் போகணும். ஆனா ஓட்டையை அடைக்காம அங்க போன பிள்ளைக்கு எந்த ஸ்பெஷலிஸ்டும் உதவ முடியாது.

அந்த ஆல் சப்ஜெக்ட் சார் யாருன்னும் கொஞ்சம் பாருங்க. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 28-ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியா டியூஷன் எடுக்கக் கூடாதுங்குது. அப்போ சட்டப்படி உங்க வீட்டுக்கு வர வேண்டியது யாரு? வேலை தேடிக்கிட்டிருக்கிற பட்டதாரி, பிள்ளை பொறந்ததும் வேலையை விட்ட பொண்ணு, ரிட்டையர்ட் வாத்தியார். இவங்களுக்கு வாயைத் திறந்து "உங்க பிள்ளைக்கு ஆறாவது தெரியலை"ன்னு சொல்ற தைரியம் எங்க இருந்து வரும்? சொன்னா மறுநாள் கவர். அதனால சொல்ல மாட்டாங்க. ஹோம்வொர்க் முடிச்சுக் கொடுத்துட்டு, டயரியில கையெழுத்தைச் சரிபார்த்துட்டுப் போயிட்டே இருப்பாங்க. குமாஸ்தா ஆக்கினது நாம.

டியூஷனுக்கு ஆள் வைக்கப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க. முதல் ரெண்டு வாரம் பாடமே நடத்த வேண்டாம்னு சாரிடம் நீங்களே சொல்லிடுங்க. எல்லா நோட்டையும், பழைய பரீட்சைப் பேப்பரையும் அவர் முன்னாடி கொட்டுங்க. "எந்த வகுப்புல நிக்கிறான்னு பார்த்துச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்"னு சொல்லுங்க. அவர் "ஆறாவது"ன்னா மூஞ்சியைத் தூக்காதீங்க. அட்டவணையைக் கிழிச்சுப் போடுங்க. ஒரு நாள் முழுக்க ஒரே கணக்கு ஓடினா ஓடட்டும். சத்தம் வரலைன்னா டீ மட்டும் கொண்டு போய் வெச்சுட்டு வந்துடுங்க.

பி.கு. 1: சில ஏஜென்சிகள் ஆள் பிடிச்சுக் கொடுத்ததுக்கு முதல் மாசச் சம்பளத்துல பாதியைக்கூட எடுத்துக்கறாங்க. உங்க வீட்டுக்கு வர்றவர் கையில எவ்வளவு போய்ச் சேருதுன்னு அவரிடமே கேட்டுக்குங்க.

பி.கு. 2: "மே மாசம் லீவு, அதனால சம்பளம் இல்லை" என்கிற புண்ணியவான்களே, ஸ்லிப் டெஸ்ட் தொல்லை இல்லாம ஆறாவது கணக்கைப் பிடிக்க வருஷத்துல கிடைக்கிறதே அந்த ஒரு மாசம்தான்.

பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றவங்க முதல் வரியில 1/2 + 1/3 எவ்வளவுன்னு எழுதிட்டு ஆரம்பிக்கவும். கால்குலேட்டர் கூடாது. :-)